பெயிண்ட் வாளிக்குள் முண்டு மிளகாய்

மூடியைத் தூக்குவதற்கு முன்பே வாடை சொல்லிவிட்டது. குட்டையில் ஊறிய வாழைமட்டை மாதிரி ஒரு நாற்றம். வேர்விடட்டும் என்று எட்டு மிளகாய்ப் போத்து, அதாவது வெட்டிய கிளை, வைத்திருந்தேன், எட்டும் போச்சு. ஒன்றைப் பிடித்து வெளியே இழுத்தேன். வாளிக்குள் தொங்கிக்கொண்டிருந்த பகுதியின் தோல், வெண்டைக்காய்க் கொழகொழப்போடு விரலில் உரிந்து வந்தது. மிஞ்சியது பழுப்பு நிற நார். மேலே இருந்த இலைகளுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை, பச்சையாகவே நின்றன. தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன். குளிக்க விளாவி வைத்த பதம்.

போன வருடம் மே மாதம், கத்திரி தொடங்கி ஒரு வாரம். வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டு மேடையில்தான் அந்த வாளி இருந்தது. அப்புறம் இன்னும் இரண்டு தடவை செய்தேன். மூன்றாவதுதான் உருப்படியாக வந்தது.

இவ்வளவும் ஒரே ஒரு செடிக்காக. மனைவிக்குப் பரமக்குடிப் பக்கம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் எங்கள் வீட்டுக்கு மாமியார் கையால் வற்றலாக வரும். அதிலிருந்து உதிர்ந்த விதையைப் போட்டு வளர்ந்த செடி ஒன்று, இரண்டு வருடமாக மாடியில் நிற்கிறது. கோலிக்குண்டு போல உருண்டை, தடித்த தோல். மிளகாயை ஒரு பருவத்தோடு பிடுங்கிப் போடுவது நம் வழக்கம். ஆனால் கவாத்து செய்து விட்டால் சில வருடம்கூட நிற்கக்கூடிய செடிதான் அது. இதன் பழத்திலிருந்து விதை எடுத்து ஆறு நாற்று விட்டேன். இரண்டு நீளமாகக் காய்த்தன, ஒன்று உருண்டையாக வந்தாலும் தோல் மெல்லிசு. பக்கத்திலேயே பஜ்ஜி மிளகாயையும் குடைமிளகாயையும் வைத்தது என் தப்பு. மிளகாய்ப்பூ தன்னைத்தானே சூல்கொள்ளும் என்றாலும் தேனீ சும்மா இருப்பதில்லை. மூன்றும் ஒரே இனத்து வகைகள், சுலபமாகக் கலந்துவிடும். தாய்ச்செடி அச்சு அசலாக வேண்டுமென்றால் அதன் கிளையையே வேர்விட வைக்க வேண்டும்.

இதற்குக் கட்டிங் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சென்னையில் கட்டிங் என்றால் ஆளைப் பொறுத்து அர்த்தம் மாறும். அதனால் முருங்கைக்குச் சொல்கிற போத்து என்ற சொல்லையே நான் வைத்துக்கொள்கிறேன். அம்மா கேட்டதும் அதைத்தான். “முருங்கைக் கொம்ப ஒடிச்சு நட்டா வருது. இதுக்கு எதுக்குடா கரண்டு?”

நியாயமான கேள்வி. ஆனால் முருங்கைக் கொம்பு தன் வயிற்றிலேயே சோறு கட்டிக்கொண்டு வருகிற ஜாதி. மிளகாய்க் கிளை அப்படியில்லை. தென்னைநார்த் தூளில் பத்துக் கிளை நட்டுப் பார்த்தேன், ஒன்று பிழைத்தது. ஈரம் குறைந்தால் வேர் விடும் முன்பே வாடுகிறது, ஈரம் கூடினால் காற்றில்லாமல் அடி அழுகுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் ஏரோபோனிக் முறை. மூடிய, இருட்டான வாளிக்குள் தண்டு அந்தரத்தில் தொங்கும். அடியில் இருக்கிற பம்பு விட்டுவிட்டுத் தண்ணீரைத் தூவும். தண்டுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கும். மண்ணும் கிடையாது, ஊற வைப்பதும் கிடையாது. கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களிடம் 20 லிட்டர் காலி வாளி ஒன்று கேட்டு வாங்கினேன்.

பம்புக்குக் கொளத்தூர். வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கிற இடம் என்பதால் தண்ணீருக்குள் போடும் பம்புக்குப் பஞ்சமில்லை.

“எத்தனை அடி தொட்டி சார்?”

“தொட்டி இல்லைங்க. மிளகாச் செடிக்கு.”

கடைக்காரர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். நான் வாளிக் கதையைச் சொன்னதும், “அப்ப ஏர்கூலர் பம்பே போதும் சார், இதுல பாதி விலைதான். மீனா வளர்க்கப் போறீங்க?” என்றார். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்ட அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும். 18 வாட் கூலர் பம்பு ஒன்று எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கினேன். பம்பின் வாயில் அரை இஞ்சு பிவிசி குழாய் நிமிர்ந்து நிற்கும், அதன் உச்சியில் கூட்டல் குறி போல நான்கு கை. கை நுனிகளை மூடி போட்டு அடைத்துவிட்டு, ஒவ்வொரு கையின் மேல்பக்கமும் சின்ன ஓட்டை போட்டு, சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கிற வட்டமாகத் தூவும் தெளிப்பானைத் திருகினேன். தண்ணீர் மேலே போய் மூடியில் மோதி, தண்டுகளை நனைத்துக்கொண்டு கீழே விழும். வாளியில் ஏழு லிட்டர் தண்ணீர், தண்டு நுனியில் படாத உயரத்தில்.

மூடியில் இரண்டு இஞ்சு ஓட்டை எட்டு. ஏசி மாட்டுகிற பையனிடம் வட்ட ரம்பம் இருந்தது, ஐந்து நிமிடத்தில் போட்டுக்கொடுத்தான். சிக்கல் ஓட்டையில் இல்லை, ஓட்டையை அடைக்கும் தக்கையில். தண்டைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், நசுக்கவும் கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் நியோப்ரீன் வளையம் போடுகிறார்கள். நான் முதலில் புது ஹவாய் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வெட்டினேன். ரப்பர் கெட்டி, தண்டின் தோலில் பள்ளம் விழுந்தது. அடுத்து மகளின் விளையாட்டுப் பாயில் கண் விழுந்தது. அ, ஆ எழுத்தெல்லாம் தனித்தனியாகக் கழன்று வருமே, அந்த மெத்துமெத்துப் பாய். ‘ஔ’ எழுத்துத் துண்டை எடுத்தால் யாரும் தேடமாட்டார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கே தேடினாள். டபராவைக் கவிழ்த்து வட்டம் வரைந்து கட்டரால் வெட்டி, நடுவில் பென்சில் நுழையும் ஓட்டை, அங்கிருந்து விளிம்பு வரை ஒரு கீறல். கீறலைப் பிரித்துத் தண்டை வைத்து, மூடியில் அழுத்தினால் கச்சிதம். செருப்பை விட ஆயிரம் மடங்கு தேவலை.

வயர் வெளியே வருவதற்கு வாளியின் விளிம்பில் ஒரு வெட்டு போட்டிருந்தேன். அதன் வழியாகச் சாரல் கசிந்து இரவெல்லாம் தரையில் சின்னக் குட்டை. பிறகு வயருக்கும் மூடியிலேயே ஓட்டை போட்டு அதே பாய்த் தக்கையால் அடைத்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது 230 வோல்ட், பக்கத்தில் தண்ணீர். பிளக் பாயிண்ட் வாளியை விட உயரத்தில் இருக்க வேண்டும். வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு தொய்வு விட்டுத் தொங்க வேண்டும், வழிகிற நீர் அந்தத் தொய்வில் சொட்டிப் போகும். வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம்.

இனி முதல் தோல்விக்கு வருகிறேன். படித்த குறிப்புகள் எல்லாம் தண்ணீர் குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னவை. அடியில் சூடேற்றும் பாய் விரி என்றுகூட ஒன்று. பம்பை 24 மணி நேரமும் ஓட விடு என்றது இன்னொன்று. நான் அதை நம்பிச் சென்னையில், மே மாதத்தில், ஓட விட்டேன். 18 வாட் பம்பு தண்ணீருக்குள் உட்கார்ந்து ஓடினால், அது தின்கிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் வெப்பமாகத்தான் தண்ணீரில் இறங்கும். ஏழு லிட்டருக்குக் கணக்குப் போட்டால், வெப்பம் எங்கேயும் வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டால், மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏறும். வெளியேறுகிறதுதான், ஆனால் வெளியே இருப்பது கத்திரிக் காற்று. மீன்தொட்டி வெப்பமானியைப் போட்டேன், 38 டிகிரி காட்டியது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35 டிகிரியில் 7தான். தண்ணீர் சூடாக ஆகத் தண்டுக்கு மூச்சும் அதிகம் தேவை, அழுகல் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். எட்டு போத்தையும் நானே வேகவைத்திருக்கிறேன்.

போதாக்குறைக்கு வெள்ளை வாளி. வெளிச்சம் உள்ளே ஊடுருவும் என்று தோன்றவேயில்லை. ஐந்தாம் நாளே உள்சுவரில் பாசி.

இரண்டாவது முயற்சி ஜூலையில். வாளிக்கு வெளியே கறுப்பு பெயிண்ட், அதன் மேல் அலுமினியத் தாள். பம்புக்கு ஒரு டைமர் வாங்கினேன், சின்னச் சின்னப் பல் வைத்த பழைய வகை. அதில் ஆகக் குறைந்தது 15 நிமிடம்தான் வைக்க முடியும். 15 ஓடும், 15 நிற்கும். சூடு பாதியாகும் என்று கணக்கு. வாளியை ஏசி அறைக்குள் கொண்டுபோனேன். தண்ணீர் 29-க்கு இறங்கியது, ஆனால் ஏசி காற்று வறட்டுக் காற்று, இலைகள் மத்தியானத்துக்குள் துவண்டுவிட்டன. பாலித்தீன் கவரைக் கூடாரம் போலக் கவிழ்த்ததும் நிமிர்ந்தன. சரி, இனி கவலையில்லை என்று மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். இரண்டு நாள். திரும்பி வந்தால் நான்கு தெளிப்பான்களில் மூன்று அடைத்துக்கொண்டிருந்தன. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1400-ஐத் தாண்டும். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, அதே உப்பு அந்த ஊசித் துளையில் படிந்துவிட்டது. வினிகரில் ஊறவைத்தால் கரைகிறது, செத்த போத்து திரும்பி வருவதில்லை. மூன்று பிழைத்தன. அந்த மூன்றின் கதை தனி, பிறகு சொல்கிறேன்.

தண்ணீருக்கு விடை தலைக்கு மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. சென்னையின் புழுக்கத்தில் ஒரு ஏசி ராத்திரிக்குச் சில லிட்டர் தண்ணீர் கக்கும். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது என்பதால் அதில் உப்பு அநேகமாகக் கிடையாது, என் மீட்டரில் டிடிஎஸ் 18தான் காட்டியது. தூசி இருக்கும், ஏசியின் தட்டில் வழவழவென்று படலமும் இருக்கும். அதனால் ஏசி சர்வீஸ் முடிந்த பிறகு பிடித்து, துணியில் வடிகட்டி, மருந்துக்கடையில் விற்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லிட்டருக்கு 3 மில்லி கலந்தேன். மூன்று நாளுக்கு ஒரு தடவை புதுத் தண்ணீர். வேர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம், உறிஞ்ச வாயே இல்லாதபோது சாப்பாடு எதற்கு?

டைமருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் நொடிக்கணக்கில் தனித்தனியாக வைக்கிற சுழற்சி டைமர் வேண்டும் என்று நான்கு கடையில் விளக்கி, ஐந்தாவது கடையில் கேள்வியே கேட்காமல் எடுத்துப் போட்டார்கள். ஒரு நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நிற்கும்படி வைத்தேன். பம்பின் சூடு ஆறில் ஒரு பங்காகிவிட்டது. வாளியை மாடியிலிருந்து இறக்கி, தரைத்தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே, சம்ப் மூடியின் மேல் வைத்தேன். கட்டிடத்திலேயே குளிர்ச்சியான மூலை அது. வெளிச்சத்துக்கு ஒரு 9 வாட் எல்இடி பல்பு, பகலில் 12 மணி நேரம். ஆகஸ்ட் கடைசி, ஓரிரு நாள் மழையும் பெய்தது. தண்ணீர் 27-28. இரண்டு மூன்று நாள் 30-ஐத் தொட்டபோது, அரை லிட்டர் பாட்டிலில் ஐஸ் கட்டி வாளிக்குள் போட்டேன்.

போத்து எடுக்கிற முறையிலும் கொஞ்சம் தெளிந்திருந்தேன். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன். பென்சிலை விடச் சற்று மெல்லிய கிளை, பச்சையும் இல்லாமல் கட்டையும் இல்லாமல் நடுப்பதம். வளைத்தால் வளைய வேண்டும், ஆனால் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். ரொம்பப் பச்சையானது சீக்கிரம் வேர்விடும், அதைவிடச் சீக்கிரம் அழுகும். ஐந்தாறு இஞ்சு நீளம், கணுவுக்குக் கால் இஞ்சு கீழே, சானிடைசரில் துடைத்த பிளேடால் ஒரே இழுப்பில் சாய்வெட்டு. கத்திரிக்கோல் வேண்டாம், அது நசுக்கும். உள்ளே போகும் பகுதியில் இலையே கூடாது. மேலே இரண்டு மூன்று இலை, பெரியதாக இருந்தால் பாதியாக வெட்டி விடலாம். மொட்டையும் பூவையும் கிள்ளிவிட வேண்டும். எனக்கு அதில்தான் மனசு வராது. ஆனால் மொட்டை விட்டுவைத்தால் கிளை வேரை மறந்துவிட்டுக் காய்க்கப் பார்க்கிறது. வேரூக்கிப் பொடியை நான்கு போத்துக்குத் தடவினேன், நான்குக்கு இல்லை. தூறலில் பொடி பத்து நிமிடத்தில் கழுவிக்கொண்டு போய்விட்டது என்று நினைக்கிறேன், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அதே நாளில் வெட்டிய இன்னும் ஆறு கிளைகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெறும் தண்ணீரில் போட்டு, வாளிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் வேண்டுமே.

முதல் நான்கு நாள் ஒன்றும் இல்லை. நானும் நாளுக்கு இரண்டு தடவை தக்கையைத் தூக்கிப் பார்த்தேன், பார்க்கக் கூடாது என்று தெரிந்தும். ஐந்தாம் நாள் வெட்டுவாய் கொஞ்சம் உப்பி, வெளிர் மஞ்சளாக மாறியிருந்தது. ஆறாம் நாள் காலை, டார்ச் அடித்துப் பார்த்தால், அடிக்கணுவுக்கு மேலே தண்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொரிப்பொரியாக ஏதோ கிளம்பியிருந்தது. வெயில் காலத்தில் கழுத்தில் வருமே வேர்க்குரு, அசல் அதே. வேர்க்குரு என்ற பெயர் இதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது என்று படிக்கட்டுக்கடியில் குனிந்தபடியே தனியாகச் சிரித்தேன். பால் கொண்டுவந்த தம்பி, “என்ன சார், ஏதாச்சும் விழுந்துடுச்சா?” என்று கேட்டான்.

எல்லாப் புள்ளியும் வேராவதில்லை, சில சும்மா ஈரத்தில் தோல் ஊதினவை. எட்டாம் நாள் ஐந்து போத்தில், புள்ளியைக் கிழித்துக்கொண்டு நூல் நுனி வெளியே வந்தது. அப்புறம் வேகம். பதின்மூன்றாம் நாள் இரண்டு இஞ்சு வேர், பாயசத்துச் சேமியா போல வெள்ளையாக, அதில் நுண்ணிய ரோமம். எட்டில் ஏழு. போன ஒன்று மெல்லிய நுனிக்கிளை. ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் பதினாறாம் நாள் வேர் தெரிந்தது, ஆறில் மூன்று. தண்ணீரைத் தினமும் மாற்றியது மட்டும்தான் அதற்கான செலவு. அம்மா எதுவும் சொல்லவில்லை, பாட்டிலை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஜன்னலில் எடுத்து வைத்தார்.

நடுவில் ஒருநாள் ஐந்து மணி நேரம் கரண்டு இல்லை. மூடிய வாளிக்குள் ஈரம் நிறைந்திருப்பதால் ஒரு மணி நேரம் வரை பயமில்லை. அதற்கு மேல் போனபோது, தண்டு நுனி அரை இஞ்சு முங்கும்வரை தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். கரண்டு வந்ததும் முகந்து வெளியே எடுத்தேன். இன்வெர்ட்டர் எல்லாம் இதற்கு வேண்டியதில்லை.

பெயர்த்து நடுவதை இரண்டு தவணையாகச் செய்தேன், அதிலும் ஒரு பாடு பட்டேன். பதினான்காம் நாள் நட்ட நான்கும் சுலபம். மற்ற மூன்றையும், அழகாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று இருபத்தொரு நாள் விட்டேன். வேர் தெளிப்பானைச் சுற்றிப் பின்னிக்கொண்டது. ஓட்டை வழியாக இழுத்தபோது பாதி அறுந்தது. இப்படி வளர்ந்த வேர் கண்ணாடி மாதிரி, மண்ணைத் தள்ளிப் பழக்கமில்லை. இரண்டு இஞ்சு வந்ததும் எடுத்துவிட வேண்டும். உப்புப் போக மூன்று தடவை அலசிய தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் கலந்து, குழி தோண்டி, வேரை வைத்து மேலே தூவினேன். அழுத்தவில்லை, தண்ணீர் ஊற்றியதும் தானாக அமர்ந்துவிடும். முதல் வாரம் சொதசொதவென்று, பிறகு மெல்லக் குறைத்து, பச்சை வலைக்கு அடியில் பத்து நாள். அக்டோபர் மழை பிடிப்பதற்குள் கொஞ்சம் தெம்பாகிவிட்டன. பிடித்த பிறகு சன்ஷேடுக்கு அடியில்.

ஜூலையில் பிழைத்த மூன்றைப் பற்றிச் சொல்லவில்லையே. மூன்றில் இரண்டு, நட்ட ஒரு மாதத்தில் இலை சுருண்டு படகு மாதிரி ஆனது. வெட்டும்போதே தாய்ச்செடியின் ஒரு பக்கக் கிளையில் லேசாகச் சுருட்டை இருந்தது, இலைப்பேன்தான் என்று அசட்டையாக விட்டேன். பேனாக இருந்தால் வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலில் போயிருக்கும். இது வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருட்டை வைரஸ். நோயுள்ள கிளையில் எடுத்த போத்தும் நோயாளிதான். நகலெடுக்கும்போது நல்லது மட்டும் வராது. இரண்டையும் பிடுங்கினேன், தாய்ச்செடியில் அந்தக் கிளையையும் அடியோடு வெட்டினேன், ஆனால் அதுவும் இன்னும் எத்தனை நாளோ. ஆகஸ்டில் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும் எடுத்ததற்கு அதுதான் காரணம். வேர் நன்றாக விட்டுவிட்டது என்பதால் செடி சுத்தம் என்று ஆகிவிடாது. இப்போதும் புதுக் கொழுந்தைத் தினமும் புரட்டிப் பார்க்கிறேன்.

ஏழில் ஆறு நிற்கின்றன. வேர் அறுந்த மூன்றில் ஒன்று போய்விட்டது. இரண்டை மாமியார் பொங்கலுக்கு வந்தபோது பரமக்குடிக்கே எடுத்துப் போனார், “எங்க ஊர் மொளகாயை எங்களுக்கே தர்றீங்களா மாப்ள?” என்று கேட்டுக்கொண்டே. இங்கே இருக்கிற நான்கில் மூத்ததில் முதல் காய் பிடித்திருக்கிறது, பட்டாணி அளவு, உருண்டை. வாளியைக் கழுவி, தெளிப்பான்களை வினிகரில் போட்டெடுத்து, இப்போது காந்தாரி மிளகாய்ப் போத்து வைத்திருக்கிறேன். இன்று ஏழாம் நாள், தண்ணீர் 26, வேர்க்குரு இன்னும் கிளம்பவில்லை.